பெயர் இருக்கிறது, மதிப்பு இருக்கிறதா?

சி மொழி படித்த கையோடு ஷெல் ஸ்கிரிப்ட் லேபுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் ஒரே குஷிதான். அறிவிப்பு வேண்டாம், வகை சொல்ல வேண்டாம். பெயரை எழுதி மதிப்பைக் கொடுத்தால் மாறி ரெடி! ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான் என்பதால், மளிகைக் கடைக் கணக்கு நோட்டைச் சரிபார்ப்பது என் வேலை. புதுப் பக்கம் புரட்டினால் கடைக்கார அண்ணாச்சி முதலில் "முன் பாக்கி" எழுதுவார். பாக்கி இல்லாவிட்டாலும் 0 போடுவார். "எழுதாம விட்டா பாக்கி இல்லேன்னு அர்த்தமில்ல தம்பி, தெரியலேன்னு அர்த்தம்" என்பார். மாறிக்குத் தொடக்க மதிப்பு தருவதும் இதேதான்.

மதிப்பே தராத பெயரைப் பைதானில் கேட்டால், "நேம் எரர்" என்று கத்திவிட்டு நிற்கும். பாஷ் ஷெல் வாயே திறக்காது. எழுத்து வேண்டிய இடத்தில் வெறுமை, கணக்கு வேண்டிய இடத்தில் 0 என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் என்ன ஆகும்? 2015 ஜனவரியில் வெளியே தெரியவந்த விஷயம் இது. லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் ஷெல் ஸ்கிரிப்டில், அது இருக்கும் கோப்புறையின் பெயர் ஒரு மாறியில் இருந்தது. "அந்தப் பெயர், ஒரு சாய்கோடு, அதன் கீழுள்ள எல்லாவற்றையும் அழி" என்று ஒரு வரி. கோப்புறையை இடம் மாற்றிய ஒருவருக்கு அந்த மாறி வெறுமையாகிவிட்டது. மிஞ்சியது சாய்கோடு மட்டும். லினக்ஸில் அதுதான் எல்லாவற்றுக்கும் வேர்! அவருடைய கோப்புகள் அத்தனையும் போயின. இணைத்திருந்த வெளி டிஸ்க்கில் இருந்தவைகூடத் தப்பவில்லை.

அடுத்தது எல்லை. ஃபங்ஷனுக்குள் பிறந்த மாறி அங்கேயே அடங்கும் என்று சி பழக்கத்தில் நினைப்போம். ஷெல்லில் "லோக்கல்" என்று போடாவிட்டால் அது ஊருக்கே பொது. வெளியே அதே பெயரில் இருப்பதை அழித்து எழுதிவிடும். இதற்கு நேர் எதிர் கூத்தும் உண்டு. ஒரு கோப்பைப் பைப் வழியே வொய்ல் லூப்புக்கு அனுப்பி வரிகளை எண்ணினால், உள்ளே 1, 2, 3 என்று ஏறும். வெளியே வந்து பார்த்தால் பழைய 0! பாஷ் வழக்கமாக அந்த லூப்பைத் தனிப் பிள்ளை ஷெல்லில் ஓட்டுகிறது. பிள்ளை தகப்பனிடமிருந்து வாங்கிக்கொண்டு போகலாம். சம்பாதித்ததை மாறி வழியாகத் திருப்பித் தர வழியில்லை. பைப்பை விட்டு, லூப் முடியும் "டன்" பக்கத்தில் இடப்பக்க அம்புக்குறி போட்டுக் கோப்பைக் கொடுத்தால் எண்ணிக்கை நிற்கும்.

பரிகாரம் சுலபம். ஸ்கிரிப்டின் தலையில் "செட் மைனஸ் யு" எழுதுங்கள். மதிப்பு தராத மாறியைத் தொட்டதும் ஷெல் நின்றுவிடும். ஆனால் வெறுமையையே மதிப்பாகப் பெற்ற மாறியை அது பிடிக்காது. மேலே சொன்ன விபத்து அந்த ரகம். அதற்கு, அழிக்கும் வரியில் நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயரை அடுத்துக் கோலனும் கேள்விக்குறியும் போட வேண்டும். அப்போது வெறுமையும் சிக்கும்.

புராஜெக்ட் நேரத்தில் பிழைச் செய்தி வந்தால் "சே!" என்று அலுத்துக்கொள்கிறோம். திட்டுகிற மொழியை நம்பலாம், தோழர்களே! பேசாமல் தலையாட்டும் மொழியிடம்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

– இரண்டாம் ஆண்டு, கணிப்பொறித் துறை