குத்தூசி

எங்கள் தந்தையார் நெல் வியாபாரி. களத்து மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுப்பார்; உள்ளங்கையில் விழும் சில மணிகளைக் கடித்துப் பார்த்து மூட்டையின் தரத்தைச் சொல்வார். ஐயம் எழுந்தால் வேறோர் இடத்தில் மீண்டும் குத்துவார்.

குடமுருட்டிக் கரையிலிருந்து தஞ்சைக்கு அக்காவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அந்தக் குத்தூசி என் நினைவுக்கு வந்தது. அக்காவின் மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று மறைத்திருந்தார். எங்கள் அம்மாவும் அப்படித்தான் மறைத்தார். புண்ணாகி வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது.

மருத்துவர் முதலில் கையால் தடவிப் பார்த்தார். அடுத்தது மேமோகிராம்: மார்பை இரு தட்டுகளுக்கிடையே அழுத்தி, குறைந்த அளவு எக்ஸ் கதிரால் எடுக்கும் படம். கைக்குத் தட்டுப்படாத சுண்ணாம்புத் துகள்களையும் அது காட்டும். இளம் பெண்களின் அடர்ந்த மார்பில் அப்படம் தெளிவாக விழாது. அவர்களுக்கு ஒலியலை ஸ்கேன் உதவும். நீர்க்கட்டி எது, திடக்கட்டி எது என்று அது பிரித்துச் சொல்லும்.

மூன்றாவது ஊசி என்றதும் அக்கா என் கையைப் பற்றினார்.

"வேண்டாம்டி. ஊசி பட்டாப் பரவிடும்ங்கிறாங்க."

"குத்தூசி பட்டு எந்த மூட்டைக்கா கெட்டுச்சு?" என்றேன். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று மருத்துவரும் எடுத்துச் சொன்னார். மெல்லிய ஊசியால் உறிஞ்சிய செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம்.

சில நாட்களில் முடிவு வந்தது: குற்றமற்ற செல்கள். நாங்கள் நன்றி சொல்லி எழுந்தோம். மருத்துவர் எங்களை அமரச் சொன்னார். "படம் வேறு சொல்கிறதம்மா. ஊசி இடம் தவறியிருக்கலாம்." மறைநூல் கேட்கும் இரண்டு மூன்று சாட்சிகளைப் போல, கையும் படமும் செல்லும் ஒத்துப் பேசினால்தான் நம்ப வேண்டும் என்றார். ஸ்கேனில் பார்த்தபடியே சற்றுப் பருத்த ஊசியால் திசுத் துணுக்குகளை எடுத்தார்கள். அதில் புற்று தெரிந்தது.

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரமே 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அவருக்கும் எங்கள் அம்மாவுக்கும் வாய்க்காத காலம் எங்களுக்கு வாய்த்தது. கட்டி சிறிதாயிருக்கும்போதே அறுவை முடிந்தது.

பெரும்பாலான கட்டிகள் புற்றல்ல. ஆனால் எது அல்ல என்பதைப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? இப்போது அக்கா களத்துமேட்டில் மற்றப் பெண்களிடம் இதைக் கூசாமல் சொல்கிறார். சென்ற வாரம் ஒருத்தி அவரைத் தனியே அழைத்துப் பேசினாள். மறுநாள் காலைப் பேருந்தில் இருவரும் தஞ்சைக்குப் புறப்பட்டார்கள்.