பாறையின் குரல்

சந்தையில் பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்ப்பர். கணீரென ஒலித்தால் அது நற்பானை. ஒலி மங்கினால் கண்ணுக்குப் புலனாகாத விரிசல் உண்டென்று அறிவர். இவ்வெளிய அறிவின் வழியிலேயே, கண்ணால் காணவியலாத நிலத்தின் ஆழத்தை அதிர்வால் அறியும் கலையும் வளர்ந்தது.

திருப்பத்தூரை அடுத்த ஜோலார்பேட்டையில் புகைவண்டி ஏறிப் பெங்களூர்ப் பாதையில் சென்றால் பங்காருப்பேட்டை வரும். அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை கோலார் தங்கவயலை அடையும். 1880ஆம் ஆண்டு முதல் 2001ஆம் ஆண்டு வரை அங்கே பொன் அகழப்பட்டது. வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து சென்ற தமிழர் பலர் அச்சுரங்கங்களில் உழைத்தனர். அவற்றுள் மிக ஆழமானது 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் உடையது.

பொன் கலந்த பாறையை வெட்டி எடுக்குந்தோறும் அவ்விடம் வெற்றிடமாகும். மேலுள்ள மலைபோன்ற சுமையை எஞ்சிய பாறையே தாங்கவேண்டும். தாங்கும் எல்லை கடந்ததும் அது வெடியோசையுடன் சிதறும். இதனையே பாறை வெடிப்பு என்பர். கையில் உளியுடன் நின்ற தொழிலாளர் பலர் இதற்கு இரையாயினர். பொன்னின் ஒளியை உலகம் கண்டது. அதற்கு ஈடாகத் தரப்பட்ட உயிர்களை அறிந்தோர் சிலரே.

பாறை பிளக்கும்போது அதிர்வலைகள் நாற்புறமும் பரவுகின்றன. அவற்றுள் ஒருவகை விரைந்து செல்லும், மற்றொன்று பின்தங்கும். கடும்பாறையில் முன்னது நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டரும், பின்னது ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டரும் செல்லும். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு மேகத்தின் தொலைவைக் கணிப்பதுபோல, இவ்விரு அலைகளின் இடைவெளியைக் கொண்டு பிளவின் தொலைவைக் கணிக்கலாம். பல இடங்களில் கருவிகளை வைத்தால் பிளவு நேர்ந்த இடமே புலப்படும். 1978ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன் தங்கவயலில் இத்தகைய கருவித்தொகுதி நிறுவப்பட்டது. வெடிப்பு நிகழும் நாளையும் நாழிகையையும் அது முன்னுரைக்கவில்லை. ஆயினும் எப்பகுதி நலிவுற்றது என்பதைச் சுட்டிக்காட்டியது.

தங்கவயலில் பாறை பிளப்பது இடர். வேறிடங்களிலோ மக்களே வேண்டிப் பாறையைப் பிளக்கின்றனர். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் நீரைப் பேரழுத்தத்துடன் செலுத்திப் பாறையைப் பிளப்பர். அப்போது எழும் நுண்ணதிர்வுகளை அருகிலுள்ள மற்றொரு கிணற்றில் இறக்கிய கருவிகள் பதிவுசெய்யும். பிளவு எவ்வளவு நீண்டது, எத்திசையில் சென்றது என்பன அதனால் விளங்கும். வேண்டாத இடத்திற்குப் பிளவு பரவாமற் காக்கவும் அவ்வறிவு துணைபுரியும்.

சவ்வாது மலைச்சாரலிலும் இவ்வறிவுக்குத் தொடர்புண்டு. அங்கும் நிலத்தின்கீழ் கடும்பாறையே. அதன் விரிசல்களில்தான் நீர் தங்குகிறது. ஊற்றுக்கண் அடைபட்ட ஆழ்துளைக் கிணறுகளில் நீரை அழுத்திச் செலுத்தி விரிசல்களைத் திறக்கும் முறை தமிழ்நாட்டில் கையாளப்படுகிறது. எனினும், மழை தந்த நீரையன்றி வேறொன்றையும் விரிசல் தருவதில்லை.

ஒரே பிளவு ஓரிடத்தில் உயிரைப் பறிக்கிறது; பிறிதோரிடத்தில் உயிரைக் காக்கும் நீரைத் தருகிறது. பாறையின் குரலைப் பொறுமையோடு கேட்டு, அது காட்டும் எல்லையை மதித்து நடப்பதே அறிவுடைமையாகும்.