நோவைச் சொல்லப் பழகுவோம்

ஒனிஹங்காவிலும் அருகிலுள்ள பென்ரோஸ், மவுண்ட் வெலிங்டன் பகுதிகளிலும் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு விடியமுன் புறப்படுபவர்களில் எம்மவரும் பலர். ஊரிலே ஆசிரியராகவும் லிகிதராகவும் இருந்தவர்கள் இங்கே பெட்டி அடுக்குகிறோம், இறைச்சி பொதி செய்கிறோம், இயந்திரம் துடைக்கிறோம். உழைப்பில் இழிவில்லை. ஆனால் உழைக்கும் உடம்பைப் பற்றி நாங்கள் பேசுவதேயில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதால் இந்தச் சில வார்த்தைகள்.

புதிதாக வந்தவர்களுக்கு நோவைச் சொல்லப் பயம். சொன்னால் வேலை போய்விடுமோ, விசாவுக்கு இடைஞ்சல் வருமோ என்ற பயம். ஊருக்கு அனுப்பவேண்டிய காசும், பயணத்துக்குப் பட்ட கடனும் வாயைக் கட்டிவிடுகின்றன. எங்களில் ஒருவர் மணிக்கட்டு வீங்கிய நிலையில் வாரக்கணக்காகப் பாரம் தூக்கினார். இரவில் சித்தாலேப பூசுவார். காலையில் கையுறைக்குள் கையை மறைப்பார். மேற்பார்வையாளர் கேட்டால் "ஓகே" என்பார். பக்கத்தில் நின்ற தொங்கா நாட்டு அம்மா ஒருவர்தான் அவர் இடக்கையால் தூக்குவதைக் கவனித்து, தொழிலாளர் பாதுகாப்புப் பிரதிநிதியிடம் கூட்டிச் சென்றார். வைத்தியர் பார்த்தார்; கை சுகமாகும்வரை பாரமில்லாத வேலை கிடைத்தது. வேலை போகவில்லை.

அந்த அம்மாவின் சமூகத்துக்கும் இந்தப் பயம் புதிதல்ல. 1950களிலும் 60களிலும் ஆலைகளுக்கு ஆட்கள் போதாதபோது, சமோவா, தொங்கா முதலிய தீவுகளிலிருந்து வந்தவர்களை இந்நாடு வரவேற்றது. 1973 எண்ணெய் நெருக்கடியின் பின் வேலைகள் குறைந்தன. 1974 முதல் 1976 வரை, விசா முடிந்தவர்களைத் தேடி அவர்களின் வீடுகளுக்குள் பொலிசார் விடியற்காலையில் புகுந்தார்கள். அதற்காக அரசாங்கம் 2021 ஓகஸ்ட் 1 அன்று ஒக்லாந்து நகர மண்டபத்தில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. விடியற்காலையில் கதவு தட்டப்பட்டால் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இனி, பயன்படும் சில செய்திகள். ஏ.சி.சி. எனப்படும் விபத்து நஷ்டஈட்டுத் திட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் இங்கு நடைமுறையில் உள்ளது. யார் பிழை என்று அது பார்ப்பதில்லை. சுற்றுலா வந்தவருக்குக்கூடச் சிகிச்சை உதவி உண்டு. வேலையில் காயப்பட்டு வேலைக்குப் போகமுடியாவிட்டால், முதல் வாரம் முதலாளியும் அதன் பின் ஏ.சி.சி.யும் சம்பளத்தில் 80 வீதம் தரவேண்டும். இயந்திர இரைச்சலால் காது மந்தமானாலும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழுதானாலும், அது வேலையால் வந்ததென உறுதியானால் இதில் அடங்கும். வைத்தியரே விண்ணப்பத்தை அனுப்பிவைப்பார். ஆகவே அவரிடம் "கை நோகிறது" என்பதோடு நிறுத்தாமல், என்ன வேலை செய்தபோது வந்தது என்பதையும் சொல்லுங்கள். ஆங்கிலம் தடங்கலாயிருந்தால் ஏ.சி.சி.யிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

எட்டு மணிநேர வேலைக்குச் சம்பளத்துடன் இரண்டு 10 நிமிட ஓய்வும், 30 நிமிட உணவு இடைவேளையும் சட்டப்படி உரியவை. அவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் ஒரு மூலையில் தனியே இராமல் மற்றவர்களோடு இருந்து சாப்பிடுங்கள். இடியப்பமோ பாணோ, பகிர்ந்துகொள்ளுங்கள். அவர்களின் பெயர்களைச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். உங்கள் முகம் வாடினால் முதலில் காணப்போகிறவர் பக்கத்தில் நிற்பவர்தான்.

வீட்டிலுள்ளவர்களும், வேலையால் வருபவரிடம் "இந்தக் கிழமை ஓவர்டைம் உண்டா?" என்று கேட்குமுன் "கை கால் எப்படி?" என்று கேட்போமாக.