வாடகைக்கு வீடும் டிவி பெட்டியும்

'ரோஜா' (1992) தொடங்கி 'துப்பாக்கி' (2012) வரைக்கும் நம்ம சினிமால தீவிரவாதிக்கு என்ன மாதிரி பேர் இருக்கும்னு சொல்லத் தேவையில்லை. சினிமாதானேன்னு விட்டுடலாம். செய்தி?

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் மாநாட்டில் கலந்துகொண்ட பலருக்குக் கொரோனா வந்தது உண்மை. ஆனா அதை வச்சு 'கொரோனா ஜிகாத்'னு ஹேஷ்டேக் ஓட்டினாங்க பாருங்க... அதே ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்களைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்றது. மீடியா பிரச்சாரத்தையும் கண்டித்தது. பழி போய்ச் சேர்ந்த வீடுகளில் பாதிக்காவது தீர்ப்பு போய்ச் சேர்ந்திருக்குமா?

என் டீம்ல இருக்கும் முஸ்லிம் நண்பன் சென்னையில் வீடு தேடினப்போ நானும் கூடப் போனேன். பேரைச் சொல்லும் வரைக்கும் வீடு காலி. சொன்னதும், "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்". அவன் வண்டி எடுக்கப் போன கேப்பில் ஒரு ஓனரிடம், "சார், முன்னாடி யாராச்சும் குடியிருந்து பிரச்சனை ஆச்சா?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல தம்பி. அவங்க யாரையும் எனக்குப் பழக்கமே கிடையாது. டிவில பாக்குறோம்ல..."

பழக்கம் இல்லாததால டிவியை நம்புறார். டிவியை நம்புறதால வீடு தரமாட்டார். வீடு தராததால பழக்கம் வரப்போறதில்லை. எங்க பாஷையில் சொன்னா இன்ஃபினிட் லூப்!

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே இதைப் பத்தி எழுதினார். சும்மா தெருவில் எதிரெதிரே பார்த்துக்கிட்டா போதாது. சமமான இடத்தில், ஒரே குறிக்கோளுக்காகச் சேர்ந்து உழைக்கணும், சட்டமும் நிர்வாகமும் அதை ஆதரிக்கணும், அப்போதான் வெறுப்பு குறையும் என்றார். ராத்திரி ரெண்டு மணிக்கு சேர்ந்து பக் தேடினவங்களுக்கு இது புரியும்.

ஆனா அதிலயும் ஒரு ஓட்டை இருக்கு. "நீ அவங்க மாதிரி இல்லடா"ன்னு என் நண்பன்கிட்டயே பாராட்டா சொல்றவங்க உண்டு. பழகின ஒருத்தன் விதிவிலக்கு ஆயிடறான், விதி அப்படியே இருக்கு.

சேனலை நம்மால மாத்த முடியாது. ஆனா நம்மில் பலர் வீட்டு மாடி போர்ஷன் வாடகைக்கு விடறதுதானே? அடுத்த தடவை அப்பா போனில் முதல்ல பேரைக் கேட்டார்னா, பக்கத்துல உக்காந்து பேசிப் பாருங்க. லூப்பை உடைக்க நம்ம கையில் இருக்கிற ஒரே வரி அதுதான்.