ஊர்ப் பேர் என்ன விலை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவனுக்கும் பிரெஞ்சு ஒயினுக்கும் என்னய்யா சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது, சார்!

பக்கத்துத் தேர்வாய்கண்டிகையில் டயர் செய்யும் மிஷ்லின் கம்பெனிக்குத் தாய்வீடு, பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான். 1889-ல் அங்கேதான் ஆரம்பித்தார்கள். நமக்கு அந்த ஊர் என்றால் டயர். ஆனால், எங்கள் ஃபேக்டரிக்கு மெஷின் மாட்ட வந்த அந்த ஊர்க்காரரோ, "டயர் கிடக்கட்டும், எங்க ஒயினைப் பத்திக் கேளுங்க" என்றார்.

பெயர் 'கோத் தோவெர்ன்'. எரிமலை மண்ணில் விளையும் 'கமே' திராட்சையில் செய்கிற சிவப்பு ஒயின். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வேர்ப்பூச்சி வந்து தோட்டங்களைச் சுருட்டிவிட்டது. இன்று மிச்சம் சில நூறு ஹெக்டேர்தான். ஆனாலும் 2011-ல் அரசாங்க முத்திரை வாங்கிவிட்டார்கள். குறித்த கிராமங்களில் விளைந்த திராட்சையாக இல்லாவிட்டால், அந்தப் பேரை லேபிளில் போட முடியாது. போட்டால் கேஸ்!

(குடித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.)

அவர் பெருமையடிக்க அடிக்க எனக்குள் புகைந்தது. நான் கம்பம்காரன். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த ரகம் என்பார்கள். அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கிலோ ஆளுக்கொரு மாசம் கவாத்து பண்ணுவதால், வருஷம் பூரா பழம் உண்டு. ஆனால் லாரியில் ஏறிச் சென்னைக்கு வந்துவிட்டால், அது வெறும் 'கறுப்பு திராட்சை'.

போன மாசம் அப்பா போன் பண்ணினார். "வெல கட்டுபடியாகலடா. பந்தலைப் பிரிச்சுட்டு வாழை போட்டுரவா?"

"அவசரப்படாதீங்கப்பா. 2023-லயே நம்ம திராட்சைக்குப் புவிசார் குறியீடு குடுத்தாச்சு. பிரெஞ்சு ஒயினுக்கு இருக்கிற மாதிரி!"

"பேரு சரி. அதுக்குக் கிலோவுக்கு எத்தனை ரூவா சேத்துத் தருவான்?"

பதில் தெரியாமல் பிரெஞ்சுக்காரரிடமே போனேன். சிரித்தார். "முத்திரை தானா விக்காது தம்பி. வாங்கறவன் பேரைச் சொல்லிக் கேக்கணும். அதுக்கு நாங்க பட்ட பாடு!"

இப்போது வாரத்துக்குப் பத்துப் பெட்டி பஸ்ஸில் வருகிறது. பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 'கம்பம்'. அப்பா, "அடுத்த கவாத்து வரைக்கும் பாப்போம்" என்று வாழையைத் தள்ளிவைத்திருக்கிறார்.

ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு நான் போட்டிருக்கும் சட்டம் ஒன்றுதான். "கறுப்பு திராட்சை இருக்கா?" என்று கேட்டால், இல்லை. "கம்பம் திராட்சை இருக்கா?" என்றால், எத்தனை கிலோ சார்?