எந்த வழியாக வந்த செயலி?

அருகருகே அமர்ந்திருக்கும் இரு மாணவர்களின் திறன்பேசிகளில் ஒரே விளையாட்டுச் செயலி இருக்கலாம். ஆனால், அது இரண்டுக்குள்ளும் வந்த வழி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஐபோனில் வழி ஒன்றுதான். ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் ஆப் ஸ்டோரைத் தொடங்கியபோது அதில் சுமார் 500 செயலிகளே இருந்தன. அன்றுமுதல், செயலியை உருவாக்குபவர் அதை ஆப்பிளிடம் ஒப்படைக்க வேண்டும். அந்நிறுவனம் ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட பிறகே அது மக்களைச் சென்றடையும். இது காவல் மட்டுமன்று, வணிகமும்கூட. செயலிக்குள் நடக்கும் மின்னிலக்க விற்பனையில் 30 விழுக்காடு வரை ஆப்பிள் எடுத்துக்கொள்கிறது. காவல் காப்பவரே கட்டணமும் வாங்குவது முறையா என்ற கேள்வி எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால், 2024 மார்ச்சில் அங்கு மட்டும் பிற செயலிக் கடைகளுக்கு ஆப்பிள் இடம்கொடுத்தது. சிங்கப்பூர் ஐபோன்களை அந்த மாற்றம் தொடவில்லை.

ஆண்ட்ராய்டின் கதை வேறு. கூகல் பிளேயும் கட்டணம் வாங்குகிறது. ஆனால் அங்கு மாற்று வழிகள் உண்டு. சாம்சுங், வாவே நிறுவனங்கள் தத்தம் கடைகளை நடத்துகின்றன. கடையே இல்லாமல், ‘ஏபிகே’ எனப்படும் கோப்பாகவும் செயலியைப் பெறலாம். ஒரு மாணவி பிற்பகலில் எழுதி முடித்த செயலியை அன்று மாலையே தோழிக்கு அனுப்பலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இது சிறிய சுதந்திரம் அன்று.

அதே வழியில்தான் மோசடிக்காரர்களும் வந்தனர். டுரியான் சுற்றுலா, வீட்டுத் துப்புரவு, மலிவான கடலுணவு என்று சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம் வரும். விசாரிப்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வரும். “இந்தச் செயலியில் முன்பதிவு செய்யுங்கள்” என்பார்கள். உடற்குறை உள்ளோருக்கு உதவ உருவாக்கப்பட்ட அணுகல் வசதியை இயக்கச் சொல்லி அச்செயலி கேட்கும். அதை இயக்கிவிட்டால், திரையில் தெரிவதையும் குறுஞ்செய்தியில் வரும் கடவு எண்ணையும் மோசடிக்காரர் படித்துவிடலாம். 2023இல் சிங்கப்பூரில் இத்தகைய 1,899 சம்பவங்களில் குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி பறிபோனது.

2024 பிப்ரவரியில், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் இணைந்து கூகல் இங்கு ஒரு முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. இணையத்திலிருந்து நேரடியாக இறக்கப்படும் செயலி, குறுஞ்செய்தியைப் படிப்பது போன்ற அனுமதிகளைக் கேட்டால், அது நிறுவப்படாமல் தடுக்கப்படும். 2025 ஆகஸ்டில் கூகல் இன்னும் ஒரு படி சென்றது. கடைக்கு வெளியே செயலியை வழங்குபவரும் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்றும், 2026 செப்டம்பரில் முதலில் நடைமுறைக்கு வரும் நான்கு நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று என்றும் அறிவித்தது. தோழிக்காகச் செயலி எழுதும் மாணவியின் நிலை என்ன? மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுவோருக்கும் தனி வகைக் கணக்கு இருக்கும் என்று அந்நிறுவனம் கூறியது.