65536இல் ஒரு பங்கு

கலிஃபோர்னியாவில் 1983இல் தொடங்கிய கலில் நிறுவனத்தின், மோட்டார்களை இயக்கும் மோஷன் கன்ட்ரோலர்களில் நிரலின் ஒரு மாறிக்கு ஆறு பைட் இடம். முழு எண்ணுக்கு நான்கு, பின்னத்துக்கு இரண்டு. எழுத்தைப் போட்டால் ஆறு எழுத்துதான் கொள்ளும். எண்ணைப் போட்டால் 2147483647.9999 வரை போகும். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் தெரிவதால் பின்னம் பத்தாயிரத்தில் பங்குகளாக வைக்கப்படுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே இருப்பது 65536இல் ஒரு பங்கு.

*

0.1ஐ அதில் வைக்க 6553.6 பங்கு வேண்டும். பங்கை உடைக்க முடியாது. 6553 அல்லது 6554. எதை வைத்தாலும் பத்து முறை கூட்டினால் சரியாக 1 வராது. '1க்குச் சமமாகும் வரை திரும்பச் செய்' என்று எழுதிய லூப் 1ஐத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 'சமம்' இருந்த இடத்தில் '1ஐவிடச் சிறியதாக இருக்கும் வரை' என்று மாற்றினாலும் ஒரு சுற்று கூடிப்போகலாம். சுற்றுகளை முழு எண்ணால் எண்ணி, வேண்டிய இடத்தில் பத்தால் வகுப்பதே சரி.

*

அதைவிடப் பெரிய இழப்பு மில்லிமீட்டரை என்கோடர் கவுண்டாக மாற்றும்போது வருகிறது. 1000 கோடு என்கோடர், கோட்டுக்கு நான்கு வீதம் ஒரு சுற்றுக்கு 4000 கவுண்ட். 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூவில் மாட்டினால் மில்லிமீட்டருக்கு 800 கவுண்ட். மூன்றில் ஒரு மில்லிமீட்டராக 300 முறை நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நகர்வு 266.67 கவுண்ட். மோட்டார் போவது முழுக் கவுண்டில்தான். ஒவ்வொரு முறையும் 266 மட்டும் நகர்ந்தால் கடைசியில் 200 கவுண்ட் குறையும். அதாவது கால் மில்லிமீட்டர். எந்திரத்தில் கோளாறே இருக்காது, ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்ப்பதில் ஒரு நாள் போகும். ஒவ்வொரு புள்ளியையும் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு அனுப்பினால் பிழை ஒரு கவுண்டைத் தாண்டாது.

*

2+3*4 என்று எழுதினால் இந்தக் கன்ட்ரோலரில் விடை 20. இடமிருந்து வலமாகவே கணக்குப் போடும். பெருக்கலுக்கு முன்னுரிமை கிடையாது. அடைப்புக்குறியில் சிக்கனம் வேண்டாம்.

*

நிரலின் ஒரு பகுதிக்கு இடும் பெயரான லேபிள் # குறியில் தொடங்கும், அதன் பிறகு ஏழு எழுத்து வரை. சில பெயர்களுக்குத் தனி உரிமை உண்டு: #AUTO மின்சாரம் வந்ததும் ஓடும், #LIMSWI லிமிட் ஸ்விட்சை அச்சு தொட்டதும் ஓடும். ஓர் எழுத்து மாறினாலும், பெரிய எழுத்து சிறிய எழுத்தானாலும், அது வெறும் லேபிள். கன்ட்ரோலர் பிழை காட்டாது. அச்சு லிமிட்டைத் தொட்டால் மோட்டாரை அது தானே நிறுத்திவிடும். ஆனால் விளக்கைப் போட, கிளாம்ப்பைப் பிடிக்க நாம் எழுதிய வரிகள் ஓடாமலே கிடக்கும். எந்திரத்தை ஒப்படைக்கும் முன் லிமிட் ஸ்விட்சை இயக்கிப் பார்க்காதவரை அந்த லேபிளை நான் நம்ப மாட்டேன்.

*

ஒரே திசையில் 1500 ஆர்.பி.எம்.மில் சுற்றும் மோட்டார், சுற்றுக்கு 4000 கவுண்ட் வீதம், ஆறு மணி நேரம் முடியும் முன்பே முழு எண்ணின் எல்லையைத் தொட்டுவிடும். 2147483647க்கு அடுத்தது −2147483648. காலையில் சரியாக ஓடியது மதியத்துக்கு மேல் ஏன் குழம்புகிறது என்று தேடுபவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

*

மாறியின் பெயருக்கு எட்டு எழுத்து கிடைக்கிறது. அதில் அலகைச் சொல்லிவிட இடம் இருக்கிறது: மி.மீ.யா, கவுண்டா, விநாடியா. கட்டளைகள் இரண்டு பெரிய எழுத்துகளில் இருப்பதால் மாறிகளைச் சிறிய எழுத்தில் வையுங்கள். நிரலின் முதல் வரியில், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கவுண்ட் என்பதைக் குறிப்பாக எழுதிவிடுங்கள். இரவு ஷிஃப்டில் அந்த எந்திரத்தின் முன் நிற்கப்போகிறவருக்கு அந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும்.